கப்பலில் ஒரு 555 நோட்டு

யீஷூனில் ஏறினால் எங்கும் ரயில் மாற வேண்டியதில்லை. வடக்கு-தெற்குப் பாதையின் கடைசி நிலையம் மரினா சவுத் பியர். அங்கே இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நடந்தால் மரினா பே உல்லாசக் கப்பல் நிலையம். “டாக்சி வேண்டாம், ரயிலே போதும், என் முட்டி எனக்குத் தெரியும்” என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம். அம்மாவுக்கு 77 வயது. எனக்கு 56. நான்கு இரவுப் பயணம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்து, ஒரு நாள் முழுக்கக் கடலில் கழித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

கடப்பிதழைச் சரிபார்த்த பெண் இரண்டு அட்டைகளை நீட்டினார். அதுதான் அறைச் சாவி, அதுதான் அடையாளம், கப்பலில் பணப்பையும் அதுதான். கொடுக்கும்போதே சிரித்த முகத்துடன், உங்கள் அறைக்கு 150 டாலர் ‘ஆன்போர்டு கிரெடிட்’ இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அம்மா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் நன்றாகவே தெரியும்.

“என்ன பாப்பா, ஏறுறதுக்கு முன்னாடியே கிரெடிட்டா? எவ்வளவு கடன் வச்சிருக்க?”

“கடன் இல்லம்மா. அவங்க நமக்குக் குடுக்குறது.”

“எவன் சும்மா குடுப்பான்?”

நான் சிரித்துவிட்டேன். நான்காம் நாள் இரவு அந்தக் கேள்வியை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடனா, வரவா?

குழப்பம் அம்மாவுடையது மட்டும் அல்ல. ‘கிரெடிட் கார்டு’ என்பதைத் தமிழில் கடன் அட்டை என்கிறோம். கணக்குப் புத்தகத்தில் வரும் அதே ‘கிரெடிட்’டை வரவு என்கிறோம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு முகம். கப்பலில் தரும் கிரெடிட் இரண்டாவது வகை. கப்பலில் நம் பெயரில் திறக்கும் கணக்கில் முன்கூட்டியே எழுதி வைக்கும் வரவு அது. நாம் செய்யும் செலவுகள் முதலில் அதிலிருந்து கழியும். அது தீர்ந்த பிறகு வரும் செலவு, நாம் பதிந்து வைத்திருக்கும் வங்கி அட்டைக்குப் போகும்.

உல்லாசக் கப்பல்களில் கடைகளிலும் உணவகங்களிலும் பொதுவாக ரொக்கம் வாங்குவதில்லை. அட்டையைத் தட்டினால் போதும். காப்பி, மது, இணையச் சேவை, புகைப்படம், மசாஜ், கரையில் சுற்றிக் காட்டும் பயணம் எல்லாமே அந்த ஒரு கணக்கில்தான் ஏறும். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டாலும் எங்கள் கப்பலில் கணக்கு அமெரிக்க டாலரில்தான். வரவு தீர்ந்து வங்கி அட்டைக்குப் போகும்போது, அந்நியச் செலாவணிக்காக வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணம் சேர்க்கும். 150 டாலர் என்று சொன்னதைச் சிங்கப்பூர் வெள்ளியாக நினைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. ரிங்கிட்டில் கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரியது.

இந்த வரவு பல வழிகளில் வரும். குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவு செய்வோருக்குக் கப்பல் நிறுவனமே சலுகையாகத் தரும். பயணக் கண்காட்சியில் பதிவு செய்தால் முகவர் தன் கழிவிலிருந்து கொஞ்சம் கொடுப்பார். பலமுறை பயணம் செய்தவர்களுக்குக் கிடைக்கும். கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டினால், அந்தப் பயணத்துக்கு ஒரு தொகை எழுதுவார்கள். வானிலை காரணமாக ஒரு துறைமுகத்தைத் தவறவிட்டால், அதற்காக வாங்கிய துறைமுகக் கட்டணத்தைச் சில கப்பல்களில் இப்படித் திருப்பித் தருவார்கள். எனக்குக் கிடைத்ததில் 100 டாலர் நிறுவனத்துடையது, 50 டாலர் முகவருடையது.

இவற்றில் முக்கியமான பிரிவு ஒன்று இருக்கிறது. மிஞ்சினால் திரும்பக் கிடைப்பது ஒரு வகை, திரும்பக் கிடைக்காதது இன்னொரு வகை. சலுகையாக வருவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். கடைசி இரவு கணக்கை மூடும்போது மிஞ்சியது மறைந்துவிடும். அடுத்த பயணத்துக்கும் சேர்க்க முடியாது, கையில் பணமாகவும் வாங்க முடியாது. சூதாட்டக் கூடத்திலும் பெரும்பாலான நிறுவனங்கள் அதைச் செல்லாது என்றே வைத்திருக்கின்றன. என்னுடைய 150 டாலரும் அந்த வகைதான்.

இதெல்லாம் இப்போது தெளிவாக எழுதுகிறேன். ஏறிய அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 150 டாலர் இருக்கிறது.

முதல் நாள் மயக்கம்

அறைக்குள் நுழைந்ததும் கட்டிலின்மேல் ஒரு கடிதம். உங்கள் 150 டாலரை மகிழ்ச்சியாகச் செலவிடுங்கள் என்று எழுதி, எங்கெங்கே செலவிடலாம் என்று ஒரு பட்டியலும் கொடுத்திருந்தார்கள். அம்மா அந்தக் கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

கப்பல் கரையை விட்டு நகர்வதை மேல் தளத்தில் நின்று பார்த்தோம். காற்று நன்றாக வீசியது. காப்பிக் கடையிலிருந்து நல்ல மணம். ஆளுக்கு ஒரு காப்பி வாங்கினேன். ஒன்று 5 டாலர். ரசீதில் 18 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 11 டாலர் 80 காசு. அம்மா தன் காப்பியைத் தொடவில்லை. “அங்க சாப்பாட்டுக் கூடத்துல சும்மாவே வச்சிருக்கான். இது எதுக்கு?” என்றார். இரண்டையும் நானே குடித்தேன்.

அதே மாலை இணையச் சேவைக்கு ஆள் கூவாத குறையாக விற்றுக்கொண்டிருந்தார்கள். நான்கு நாளுக்கு 80 டாலர். வேறு சமயமாக இருந்தால் பத்து முறை யோசித்திருப்பேன். புறப்படுவதற்கு முன் நிறுவனத்தின் இணையத்தளத்தில் பார்த்தபோது இதைவிடக் குறைவான விலைதான் போட்டிருந்தது. அப்போது வேண்டாம் என்று விட்டவள், இப்போது கிரெடிட் இருக்கிறதே என்று வாங்கிவிட்டேன். சும்மா கிடைத்தால் எனக்கொன்று, எங்கப்பனுக்கு ஒன்று என்பார்களே, அந்தக் கதைதான்.

பினாங்கில் வரவு செல்லாது

மறுநாள் பிற்பகல் பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நேராகக் கரையைக் கட்டி நிற்கும். படகு மாற வேண்டியதில்லை. அம்மா மேல் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1955இல் தன் ஏழாவது வயதில் அம்மா முதன்முதலாக மிதித்த மலாயா மண் இதுதான். தாத்தா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். பாட்டி அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி வந்தார். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் பல குடும்பங்களில் யாராவது ஒருவர் அதில் வந்திருப்பார். பாட்டி வாங்கியது மேல்தளச் சீட்டு. அறை கிடையாது. பாய் விரித்த இடம்தான் வீடு.

“அப்ப கப்பல்ல எங்களுக்குக் கணக்கெல்லாம் கிடையாது. கையில இருந்தா உண்டு, இல்லாட்டி இல்ல” என்றார் அம்மா.

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவுக்கு வரவைப் பயன்படுத்தலாம். ஆனால் பினாங்கில் அது தேவைப்படவில்லை. துறையை விட்டு வெளியே வந்தால் எதிரே விக்டோரியா மணிக்கூண்டு, பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அம்மாவின் நடைக்கே இருபது நிமிடத்தில் லிட்டில் இந்தியா போய்விட்டோம். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். அம்மா அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கடையில் தே தாரிக்கும் மசால் வடையும். அம்மா சுருக்குப் பையிலிருந்து ரிங்கிட்டை எடுத்துக் கொடுத்தார்.

கப்பலில் 150 டாலர் இருந்தாலும் கரையில் அதைக் கொடுத்து ஒரு வடை வாங்க முடியாது. துறைமுக நகரங்களில் செலவழிக்க அந்த ஊர்ப் பணம் கையில் இருக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் எங்களோடு இறங்கிய சிலர் பணம் மாற்றும் கடையைத் தேடியே அரை மணி நேரத்தைத் தொலைத்தார்கள்.

“புக்கான் ஊத்தாங், ஈபு”

மூன்றாம் நாள் புக்கெட். அங்கே கப்பல் பாத்தோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகுகளில்தான் கரைக்குப் போக வேண்டும். அம்மா படகைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நாகப்பட்டினத்துலயும் இப்படித்தான். கப்பல் தூரத்துல நிக்கும். தோணியில போய் ஏறணும். எங்கம்மா என்னைத் தூக்கி மேல குடுத்தப்ப கீழ கடல் ஆடிச்சு. ஒரு தரம் ஏறினது போதும் பாப்பா. நீ போய்ட்டு வா.”

நானும் போகவில்லை. படகு மாறும் துறைகளில்தான் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்கு மதிப்பு அதிகம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வண்டி சாலை நெரிசலில் மாட்டித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமே டாக்சி பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. வரவை எதில் செலவிடலாம் என்று யோசிப்பவர்கள் பினாங்கில் நடந்துவிட்டு, புக்கெட்டில் அதற்குச் செலவிடலாம்.

அன்று காலை குளித்துவிட்டு வந்தபோது அறையில் பேச்சுக் குரல். அறையைச் சுத்தம் செய்யும் தம்பி இந்தோனேசியாக்காரர். முதல் நாளே அம்மா அவரிடம் “சுடா மாக்கான்?” என்று சாப்பிட்டாயா விசாரித்து வைத்திருந்தார். தோட்டத்து மலாயும் அவருடைய இந்தோனேசிய மொழியும் நன்றாகவே ஒத்துப்போயின. அம்மா தலையணைக்குக் கீழிருந்த கடிதத்தை எடுத்து அவரிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

“இது ஊத்தாங்கா?” கடனா என்று கேட்கிறார்.

அவர் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். “புக்கான் ஊத்தாங், ஈபு. ஹடியா.” கடன் இல்லை அம்மா, அன்பளிப்பு.

பல்கலைக்கழகம் வரை படித்த நான் மூன்று நாளாகச் சொல்லிப் புரியாதது, ஹடியா என்ற ஒரே சொல்லில் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகமே மாறிவிட்டது. “அப்படின்னா இன்னைக்குச் சாயங்காலம் அந்தக் காப்பி ஒண்ணு குடிச்சுப் பாக்கலாம்” என்றார்.

சரி, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று அறைத் தொலைக்காட்சியில் கணக்கைத் திறந்தேன்.

மிச்சம் இல்லை.

காப்பி 11.80. இணையம் 80. அதோடு எனக்கு நினைவே இல்லாத ஒரு வரி மூன்று முறை வந்திருந்தது. பணியாளர் அன்பளிப்பு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 டாலர். இரண்டு பேருக்கு 32. மூன்று நாளுக்கு 96. மொத்தம் 187.80. கிரெடிட் 150 போக, 37.80 டாலர் நான் கொடுக்க வேண்டும். கடைசி நாளின் 32 டாலரும் சேர்ந்தால் 69.80.

பணியாளர் அன்பளிப்பு பற்றிப் பதிவு செய்யும்போதே முகவர் சொன்னார். முன்பே கட்டலாம், இல்லாவிட்டால் கப்பலில் தினமும் கணக்கில் சேரும் என்றார். கப்பலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அதோடு மறந்தும் போனேன். 150 டாலர் என்று கேட்டதும் அது முழுவதும் உல்லாசத்துக்கு என்று மனம் எடுத்துக்கொண்டது.

அம்மாவிடம் சொன்னேன். மறைக்க முடியாதே, காப்பி கேட்டிருக்கிறார்.

“ஹடியா தீர்ந்து ஊத்தாங் வந்திருச்சா?” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை.

சீனர் கடை நோட்டு

சன்னலுக்கு வெளியே புக்கெட் மலை தெரிந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். இந்தக் கதையை என்னிடம் அவர் அதற்கு முன் சொன்னதில்லை.

555 நோட்டை மலேசியத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு, அட்டையில் மூன்று ஐந்து. தோட்டத்துக்குப் பக்கத்துச் சீனர் கடையில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் வாங்கினால் அதில் எழுதுவார்கள். சம்பள நாளில் தீர்ப்பார்கள். பலருக்கு அது தீர்ந்ததே இல்லை.

அப்பா 1979இல் இறந்தபோது எனக்குப் பத்து வயது. காரியம் முடிந்த மறுநாள் கடைத் தவுக்கே வீட்டுக்கு வந்தாராம். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். 186 வெள்ளி. அம்மாவுக்குப் படிக்கத் தெரியும் என்பதால் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அரிசி, மாவு எல்லாம் வீட்டுக்கு வந்தவை. ஆனால் பாதி வரிகள் அம்மா பார்த்தே இராத சாமான்கள். பீர், சிகரெட், யாருக்கோ வாங்கிக் கொடுத்த டின் மீன்.

“உங்கப்பா கெட்டவரு இல்ல. கையில காசு இருந்திருந்தா அத்தனையும் வாங்கியிருக்க மாட்டாரு. கையில இருந்து காசு போனா மனசுக்குத் தெரியும். நோட்டுல எழுதுனா தெரியாது. எழுதுறப்ப யாரும் பாக்கறதில்ல பாப்பா. தீக்கிறப்பதான் பாக்குறோம்.”

மாதம் பத்து வெள்ளி வீதம் ஒன்றரை வருடத்துக்கு மேல் கட்டினார். தீர்ந்த அன்று நோட்டைக் கேட்டு வாங்கிவந்து அடுப்பில் வைத்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் கடன் நோட்டு இருந்ததில்லை. நான் முதல் சம்பளத்தில் கடன் அட்டை வாங்கியபோது அம்மா இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வேறொரு மேசையின் கணக்கு

நான்காம் நாள் முழுக்கக் கடல். மதியச் சாப்பாட்டில் ஜோகூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதியுடன் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அவர்கள் கணக்கு எனக்கு நேர்மாறு. அன்பளிப்பு, இணையம், சுற்றுலா எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். 200 டாலர் வரவு கிடைத்தது. செலவழிக்க இடமில்லை. கடைசி நாளில் 140 டாலர் மிச்சம்.

சாயங்காலம் கடைப் பக்கம் போனால் அவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கையில் மூன்று பனியன், இரண்டு தொப்பி, ஒரு கைக்கடிகாரம். “தேவையான்னு கேட்காதீங்க. விட்டா போயிடும்” என்றார் அந்த ஐயா. அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். கடிகாரம் 160 டாலராம். வரவைத் தீர்க்கப் போய், கையிலிருந்தும் போகிறது.

வரவை மறந்து செலவழித்தவள் நான். வரவைத் தீர்ப்பதற்காகவே செலவழித்தவர்கள் அவர்கள். இரண்டு பேருமே கணக்கை முன்கூட்டிப் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு

நான் மறுபடி போனால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். உங்களுக்கும் பயன்படலாம்.

பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி கேட்பேன். வரவு அறைக்கா, ஆளுக்கா? எந்த நாணயத்தில்? மிஞ்சினால் திரும்பக் கிடைக்குமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வேன். முகவர் தரும் தொகை சில சமயம் கப்பல் கணக்கில் ஏறத் தாமதமாகும், ஏறாமலே போவதும் உண்டு. முதல் நாளே கணக்கில் பார்த்து, இல்லையென்றால் அந்த மின்னஞ்சலுடன் வாடிக்கையாளர் முகப்புக்குப் போக வேண்டும். கடைசி இரவு போனால் வரிசை நீளம், கேட்டுச் சரிசெய்ய நேரமும் இருக்காது.

அடுத்து, வரவிலிருந்து முதலில் பணியாளர் அன்பளிப்பைக் கழித்துவிடுவேன். எங்கள் கணக்கில் நான்கு இரவுக்கு இரண்டு பேருக்கு 128 டாலர். 150இல் அது போனால் மிச்சம் 22. உண்மையில் எனக்குக் கிடைத்த உல்லாசப் பணம் அந்த 22 டாலர்தான். அன்று மேல் தளத்தில் வாங்கிய இரண்டு காப்பிக்கும் அது போதும், மேலும் பத்து டாலர் மிஞ்சியிருக்கும். திரும்பக் கிடைக்காத வரவு உள்ளவர்கள் அன்பளிப்பை முன்பே கட்டாமல் விடுவது இதனால்தான் நல்லது. எப்படியும் கொடுக்க வேண்டிய பணம் அது. வரவு அதில் கழிந்தால் நம் கைப்பணம் மிஞ்சும், தேவையில்லாத கடிகாரமும் வீட்டுக்கு வராது.

இணையம், பானம் போன்ற தொகுப்புகளைப் புறப்படுவதற்கு முன் இணையத்தளத்தில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவு. ஆனால் வரவு பொதுவாக ஏறிய பிறகுதான் செல்லும். இரண்டையும் எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பானத்துக்கும் மசாஜுக்கும் போட்டிருக்கும் விலையோடு சேவைக் கட்டணம் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது. பிள்ளைகளோடு போகிறவர்கள், பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்ய முடியாதபடியோ வரம்போடோ வைக்கச் சொல்லலாம். விளையாட்டுக் கூடத்தில் தட்டிய அட்டை வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசும்.

கடைசி நாள் கடைகளில் சிகரெட் அடுக்கி வைத்திருப்பார்கள். சிங்கப்பூருக்குள் சிகரெட்டுக்கு வரிச் சலுகை கிடையாது. வரவு இருக்கிறதே என்று வாங்கிவந்தால் சுங்கத்துறையில் வரி கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் தொலைக்காட்சியிலோ செயலியிலோ கணக்கை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. நான் முதல் இரவே பார்த்திருந்தால் அந்த 32 டாலர் வரி கண்ணில் பட்டிருக்கும்.

சுழி

கடைசி இரவு. பெட்டிகளை வெளியே வைத்தாயிற்று. வங்கி அட்டை பதிந்திருப்பதால் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, காலையில் தானாகக் கழித்துக்கொள்வார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“கணக்கை முடிச்சிட்டுத்தான் நான் படுப்பேன்” என்றார்.

இரவு பத்தரை மணிக்கு வாடிக்கையாளர் முகப்பு வரிசையில் நின்றோம். அவசரத்துக்கு என்று மாற்றி வைத்திருந்த அமெரிக்க டாலர் கையில் இருந்தது. கணக்கை ரொக்கமாகவும் முகப்பில் தீர்க்கலாம். 70 டாலர் கொடுத்தேன். அந்த இளைஞர் மீதி 20 காசை எடுக்க இழுப்பறையைத் திறந்தார். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் முழங்கையைத் தொட்டார். “அதையும் வாங்கு.” வாங்கினேன். கணக்குச் சீட்டை அச்சடித்துத் தரும்படி அம்மா கேட்கச் சொன்னார். கடைசி வரியில் 0.00 என்று இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

அறைக்கு வந்ததும் அதே பையிலிருந்து இருபது வெள்ளியை எடுத்து, கப்பல் கடிதம் வந்த உறையில் போட்டார். அறைத் தம்பிக்கு. அன்பளிப்புதான் தினமும் கணக்கில் போய்விட்டதே அம்மா என்றேன்.

“அது கப்பல் கணக்கு. ஹடியாவுல வந்ததை ஹடியாவுல குடுத்தாச்சு. இது என் கைக்காசு.”

காலையில் கப்பல் மரினா பேயில் கட்டி நின்றது. அந்தத் தம்பி நடைவழியில் நின்று அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மரினா சவுத் பியரில் ரயில் ஏறி உட்கார்ந்ததும், அடுத்த முறை கூட்டிப்போனால் வருவீர்களா என்று அம்மாவைக் கேட்டேன்.

“வர்றேன். ஆனா இந்தத் தரம் நோட்டு என்கிட்ட இருக்கட்டும்” என்றார்.